கைக்குழந்தை ஒன்று, வால் ஒன்று: கடலூரிலிருந்து பிள்ளைகளோடு ஊர் சுற்ற முழு வழிகாட்டி

கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டருக்குள்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஜவுளி எடுக்க, சினிமா பார்க்க என்று கைப்பையை மாட்டிக்கொண்டு நினைத்த நேரத்தில் கிளம்பிவிடுவேன். முதல் பிள்ளை பிறந்து பத்தாவது மாதம் அதே ஊருக்குப் போய்த் திரும்பியபோது காசிக்கு நடந்து போய் வந்த களைப்பு. அரியாங்குப்பம் நெரிசலில் பேருந்து நின்றுவிட்டது. பையன் என் தோளில் ஒரு தரமும் முன்சீட்டு அம்மாவின் மல்லிகைப் பூவில் ஒரு தரமும் வாந்தி எடுத்தான். என்னிடம் இருந்தது ஒரே ஒரு கர்சீப். அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "பரவால்ல விடும்மா, நானும் மூணு பெத்தவதான்" என்று தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இப்போது பையனுக்கு 6 வயது, பெண்ணுக்கு ஒன்றரை. பேருந்து, ரயில், வாடகை கார், படகு எல்லாம் பார்த்தாயிற்று. எனக்குக் கைகொடுக்கிற கணக்கு ஒன்றுதான்: நாம் தனியாகப் போனால் ஆகும் நேரத்தை இரண்டால் பெருக்க வேண்டும், பார்க்க நினைக்கும் இடங்களை இரண்டால் வகுக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அந்தக் கணக்கின் விரிவுதான்.

படி 1: முதலில் நாள், அப்புறம் இடம்

நம் பக்கத்தில் பிள்ளைகளோடு வெளியே போக வாகான காலம் பொங்கல் கழிந்து மார்ச் பாதி வரை. கத்திரி வெயிலில், அதாவது மே மாதத்தின் பெரும்பகுதியில், காலை 10 மணிக்கு மேல் கைக்குழந்தையோடு வெளியே நிற்பது சரிவராது. போயே ஆகவேண்டுமென்றால் விடியற்காலையில் கிளம்பி 10 மணிக்குள் ஒரு கூரைக்கு அடியில் போய்விடுங்கள். மறுபடி நான்கரைக்கு மேல் வெளியே வரலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான். இந்த மூன்று மாதத்தில் முன்கூட்டியே பணம் கட்டும் எந்தத் திட்டமும் போடாதீர்கள். கட்டிவிட்டால், மழை எச்சரிக்கை வந்தாலும் பணத்தை விட மனசு கேட்காமல் கிளம்பிவிடுவோம்.

கூட்டத்தையும் பார்க்க வேண்டும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம், காணும் பொங்கலன்று சில்வர் பீச், தை 5 அன்று தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. மூன்றும் எனக்கு உயிர். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து சிறுவள்ளிக்கிழங்கு தின்றபடி பார்த்த ஆற்றுத் திருவிழா இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் 3 வயதுக்குள் இருக்கும் பிள்ளையை அந்த நெரிசலுக்குள் கூட்டிப்போவதை நான் விட்டுவிட்டேன். பெரியவனை மட்டும் அப்பாவோடு அனுப்பிவிடுகிறேன். சனி, ஞாயிறு மாலைப் புதுச்சேரிக் கூட்டமும் அப்படித்தான். முடிந்தால் வாரநாளில் போங்கள்.

படி 2: ஒரு நாளைக்கு ஒரு இடம்

இங்கேதான் நம்மவர்கள் தவறுகிறார்கள். "அவ்வளவு தூரம் போறோம், அப்படியே அதையும் பார்த்துட்டு வந்துடலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பயணத்தின் மாலை அழுகையில்தான் முடியும். ஒரு பெரிய இடம், கூடவே ஓடி விளையாட ஒரு வெட்டவெளி, அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. தூங்கும் நேரத்தைச் சுற்றி அதை அமைத்துக்கொள்ள வேண்டும். என் பெண் 12 மணிக்குத் தூங்குவாள் என்றால் 11:30க்குச் சாப்பாடு முடிந்திருக்கும், 12 மணிக்கு வண்டியிலோ நிழலிலோ இருப்போம்.

புதுச்சேரியில் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது எது என்றால், தாவரவியல் பூங்காவைத்தான் முதலில் சொல்வேன். 1826-இல் தொடங்கியது. பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே இருப்பதால் வந்து இறங்கியதும் மர நிழலில் அரைமணி ஓடவிட்டுப் பிறகு மற்றதைப் பார்க்கலாம். அடுத்தது பாரதி பூங்கா. நடுவில் நிற்கும் வெள்ளை ஆயி மண்டபத்தைக் காட்டி, ஆயி என்ற பெண் தன் வீட்டையே இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டினாளாம் என்ற கதையைச் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளை கால்மணி நேரம் கேள்வி கேட்கும். "அப்ப அவங்க எங்க தூங்கினாங்க?" என்றான் என் மகன். எனக்குப் பதில் தெரியவில்லை.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். காலை ஏழரை வரை அப்படித்தான். நடை பழகும் பிள்ளைக்கு இவ்வளவு நீளமான, வண்டி வராத தார்ச்சாலை வேறெங்கே கிடைக்கும்? என் ஓட்டு காலை ஆறு மணிக்குத்தான். வெயில் ஏறியிருக்காது, கூட்டமும் இருக்காது.

மணக்குள விநாயகர் கோயிலுக்கு "யானை காட்டுறேன் வா" என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று இறந்துவிட்டாள். இது தெரியாமல் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்த உறவினர் ஒருவர் கோயில் வாசலில் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். அரவிந்தர் ஆசிரமத்தில் 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. மற்றவர்களும் பேசாமல் இருக்க வேண்டும். ஆரோவில்லில் மாத்ரி மந்திர் உள்ளே 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் போக முடியாது. வெளியே காட்சி முனையிலிருந்து பார்க்கலாம், அதற்கே ஒரு கிலோமீட்டர் போல நடை. கைக்குழந்தையோடு இந்த இரண்டையும் ஒத்திவைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

கடலூர்ப் பக்கம் என்றால் சில்வர் பீச் காலையில், திருவந்திபுரம் கோயில் வாரநாளில். முகூர்த்த நாளில் திருவந்திபுரம் போனால் கல்யாண கோஷ்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்வீர்கள், நாட்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிச்சாவரத்துக்குச் சிதம்பரம் வழியாகப் போக வேண்டும். காலையில் முதல் படகுகளில் ஒன்றைப் பிடித்தால்தான் அழகு, பிறகு தண்ணீரில் அடிக்கும் வெயில் கண்ணைத் திறக்கவிடாது.

படி 3: மூன்று பைகள்

ஒரே பெரிய பையில் எல்லாவற்றையும் திணித்தால் தேவைப்படும் பொருள் எப்போதும் அடியில்தான் இருக்கும். நான் மூன்றாகப் பிரிப்பேன்.

முதலாவது மஞ்சப்பை, இது என் தோளை விட்டு இறங்காது. இரண்டு செட் மாற்றுத்துணி (எனக்கும் ஒரு மேல்சட்டை, இதை எல்லோரும் மறக்கிறார்கள்), நாலைந்து டயப்பர், ஈரத் துடைப்பான், பழைய பருத்திப் புடவைத் துண்டு இரண்டு, வாய் கட்டக்கூடிய பிளாஸ்டிக் கவர் ஐந்து. பழைய புடவைத் துண்டு வாந்தி துடைக்கும், விரிப்பாகும், பால் கொடுக்கும்போது மறைப்பாகும், வெயிலுக்குக் குடையாகும். கடையில் விற்கும் எந்தக் குழந்தைப் பொருளும் அதற்கு ஈடில்லை.

இரண்டாவது சாப்பாட்டுப் பை. மூன்றாவது துணிப் பெட்டி, இதை ஊர் போய்ச் சேரும் வரை திறக்கவே கூடாது.

மருந்துகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மஞ்சப்பையில் வைத்துவிடுங்கள்: தெர்மாமீட்டர், பாராசிட்டமால் சிரப், ஓஆர்எஸ் பாக்கெட் நான்கு, டாக்டர் எழுதிக்கொடுத்த வாந்தி மருந்து, பிளாஸ்திரி, பஞ்சு, ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச். பாராசிட்டமால் அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து. கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் கேட்டு, "9 கிலோ, இத்தனை மில்லி, இத்தனை மணி நேரத்துக்கு ஒரு தரம்" என்று ஒரு தாளில் எழுதிப் பாட்டிலின் மேலேயே ஒட்டுங்கள். சிரப்பும் சொட்டு மருந்தும் ஒரே அடர்த்தி இல்லை. அவசரத்தில் ஊரில் வேறு பாட்டில் வாங்கினால் பழைய அளவை அப்படியே ஊற்றிவிடக் கூடாது. தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: எதில் போவது

பேருந்து. தமிழ்நாடு அரசுப் பேருந்துகளில் 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் கிடையாது, 12 வரை அரை டிக்கெட். தனியார் பேருந்தில் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நடுவழியில் வாக்குவாதம் வேண்டாம். கடலூர்–புதுச்சேரித் தடத்தில் தனியார் பேருந்துகள் நிறைய. பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். ஸ்பீக்கருக்குக் கீழே இருக்கும் சீட்டைத் தவிர்த்தால் குழந்தை தூங்க வாய்ப்பு உண்டு. கடைசி வரிசையும் சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டும் தூக்கிப் போடும். முன்பாதியில், படிக்கட்டுக்கு நேர் எதிரில் இல்லாத ஜன்னலோர சீட்டாகப் பாருங்கள். ஜன்னல் கம்பிக்கு வெளியே கையோ தலையோ போகாமல் ஒரு பெரியவர் நடுவில் உட்காருங்கள். ஏறும்போது யாராவது ஒருவர் வெறுங்கையோடு முதலில் ஏற வேண்டும், அவர் கையில் பிள்ளை, அப்புறம் பை, கடைசியாக மற்றவர். இறங்கும்போது நேர் தலைகீழ். பிள்ளையை மட்டும் தனியாக ஏற்றிவிட்டுப் பைக்காகக் கீழே நிற்கவே கூடாது.

பால் கொடுக்கும் தாய்மார்களுக்காக 2015-இலிருந்து அரசுப் பேருந்து நிலையங்களில் தனி அறை வைத்திருக்கிறார்கள். திட்டம் தங்கமானது. ஆனால் ஒரு பேருந்து நிலையத்தில் நான் தேடிப் போனபோது பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். வந்து திறந்தால் உள்ளே இரண்டு துடைப்பமும் கால் உடைந்த நாற்காலியும். அதற்குள் என் பெண் அழுது ஓய்ந்து தூங்கிவிட்டாள். அதிலிருந்து அந்த அறையை நம்பி நேரத்தைக் கடத்துவதில்லை. பேருந்து புறப்படும் முன்பே ஜன்னலோரம் உட்கார்ந்து புடவைத் துண்டைப் போர்த்திக் கொடுத்துவிடுகிறேன்.

ரயில். கடலூர்க்காரர்களுக்கே அடிக்கடி குழப்பம் வரும் விஷயம் இது: நமக்கு இரண்டு ரயில் நிலையங்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது திருப்பாதிரிப்புலியூர், முதுநகரில் இருப்பது கடலூர் துறைமுகம் சந்திப்பு. உங்கள் வண்டி எங்கே நிற்கும், டிக்கெட் எதற்கு எடுத்திருக்கிறீர்கள் என்று முந்தின நாளே பாருங்கள். புதுச்சேரிக்கு இங்கிருந்து நேரடி ரயில் பாதை இல்லை, விழுப்புரம் சுற்ற வேண்டும். அதனால் அந்த ஊருக்குப் பேருந்துதான்.

5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ரயிலில் டிக்கெட் இல்லை, ஆனால் தனிப் படுக்கையும் இல்லை. 5 முதல் 11 வயதுக்குப் படுக்கை வேண்டாம் என்றால் அரைக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். இரவுப் பயணத்துக்குப் படுக்கையே எடுத்துவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளையோடு ஒரே படுக்கையில் படுத்தால் விடியும்போது நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். கீழ்ப் படுக்கையைக் கேட்டு வாங்கி, குழந்தையைச் சுவர்ப் பக்கம் போட்டு நீங்கள் வெளிப் பக்கம் படுங்கள்.

நம் நிலையத்தில் வண்டி நிற்பது கொஞ்ச நேரம்தான். பெட்டி எந்த இடத்தில் வரும் என்று கேட்டு அங்கேயே போய் நில்லுங்கள். வண்டிக்குள் பயப்பட வேண்டியது மூன்று: கழிப்பறைக் கதவும் பெட்டிக்கு நடுவே உள்ள கதவும் விரலை நசுக்கும், சூடான டீ கேன் நடைபாதையில் பிள்ளையின் முக உயரத்தில்தான் வரும், திறந்த வாசலில் காற்று வாங்க நிற்பவரைப் பார்த்து நம் வீட்டு வாலும் அங்கே போகும். அவசரத்துக்கு ரயில்வே உதவி எண் 139.

கார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காருவது நம் ஊர் வழக்கம், அதைவிட ஆபத்தான வழக்கம் இல்லை. மோதினால் பிள்ளையை எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது, அவ்வளவு வேகம். 2019 சட்டத் திருத்தப்படி 14 வயதுக்கு உட்பட்டவர்கள் பெல்ட் போட வேண்டும் அல்லது குழந்தை இருக்கையில் இருக்க வேண்டும், மீறினால் 1000 ரூபாய் அபராதம். குழந்தை இருக்கை பின்சீட்டில்தான் பொருத்த வேண்டும், கைக்குழந்தை பின்பக்கம் பார்த்தபடி. வாடகை வண்டி என்றால் இன்னொரு சங்கதி இருக்கிறது. பின்சீட்டு பெல்ட்டின் கொக்கி முழுவதும் சீட் கவருக்கு அடியில் புதைந்திருக்கும். புக் செய்யும்போதே, "அண்ணே, பின்னாடி பெல்ட் வெளியில எடுத்து வெச்சுடுங்க" என்று சொல்லிவிடுங்கள். ஒரு தரம் கிளம்பும் நேரத்தில் டிரைவர் அண்ணன் கவருக்குள் கையை விட்டுத் துழாவியதில் வெளியே வந்தது பெல்ட் கொக்கி ஒன்று, ஐந்து ரூபாய்க் காசு இரண்டு, யாரோ ஒரு குழந்தையின் காலுறை ஒன்று. ஐந்து நிமிடம் கடைக்குப் போவதாக இருந்தாலும் பூட்டிய காரில் பிள்ளையை விட்டுப் போகாதீர்கள்.

இருசக்கர வண்டி. நீண்ட பயணத்துக்கு வேண்டாம் என்பேன். போக வேண்டிய நிலை என்றால்: 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள பிள்ளைக்கு ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. டேங்க் மேல் உட்காரவைக்காதீர்கள். துப்பட்டாவையும் முந்தானையையும் செருகிக்கொள்ளுங்கள், சக்கரத்தில் சுற்றும்.

படி 5: வயிறு

இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வரைதான் வண்டி வாந்தி அதிகம். வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டச் சாப்பிட்டதும் ஆகாது. கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, சர்க்கரையோ கொஞ்சம் பொடியோ தொட்டு. பால் வேண்டாம். அத்தை, அதாவது என் மாமியார், "பால் குடிக்காம புள்ளையக் கூட்டிப் போறியே" என்று இன்னும் முறைக்கிறார். ஆனால் பால் நிறுத்தியதிலிருந்து அரியாங்குப்பத்தைச் சுத்தமாகத் தாண்டுகிறோம். வண்டி ஓடும்போது போன் கொடுக்காதீர்கள். கண் ஒரே இடத்தில் நிற்க, உடம்பு ஆட, தலை சுற்றுகிறது. தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் ரெட்டிச்சாவடி தாண்டியதும் பனைமரம் எண்ண ஆரம்பிப்போம். கன்னியக்கோயில் வருவதற்குள் எண்ணிக்கையில் சண்டை வந்துவிடும், வாந்தி மறந்துபோகும்.

வழிச் சாப்பாட்டுக்குத் தயிர்சாதத்தை மிஞ்ச எதுவும் இல்லை என்று சொல்ல ஆசை. ஆனால் கோடையில் நாலு மணி நேரத்தில் புளித்துவிடும். பால் அதிகம் தயிர் கொஞ்சமாகப் பிசைந்து, மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். மிளகாய்ப்பொடி தடவாத இட்லி, வாழைப்பழம், பொரி போதும். வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், வெயிலாக இருந்தாலும் தண்ணீர் தேவையில்லை, அடிக்கடி பால் கொடுத்தால் போதும். பவுடர் பால் என்றால் பிளாஸ்கில் வெந்நீர், அளந்த பவுடர் தனி டப்பாவில், தேவைப்படும்போது கலக்குங்கள். கலந்து இரண்டு மணி நேரம் ஆனால் கொட்டிவிடுங்கள்.

4 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வேர்க்கடலை, பட்டாணி, முழுத் திராட்சை ஓடும் வண்டியில் கொடுக்காதீர்கள். ஒரு குலுக்கலில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கடற்கரையில் பளீரென்ற ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாயும் வேண்டாம். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் அதைத் தடை செய்தது ரோடமின்-பி என்னும் துணிச்சாயம் அதில் இருந்ததால்தான்.

படி 6: கடலும் படகும்

சில்வர் பீச்சுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள் நான், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்: நம் கடலை நம்பாதீர்கள். அலை திரும்பும்போது பாதத்துக்கு அடியில் மணலை உருவுகிறது இல்லையா, பெரியவர்களுக்கு அது கூச்சம். பதினைந்து கிலோ பிள்ளைக்கு அது தரையே போவது. அலை ஓய்ந்து கண்ணாடி மாதிரி தெரியும் துண்டுதான் பல நேரம் உள்ளே இழுக்கும் நீரோட்டம். நான் வைத்திருக்கும் விதி: கரையில் ஒரு கோடு கிழிப்பேன், கோட்டைத் தாண்டினால் ஒரு பெரியவரின் கை பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்திருக்க வேண்டும். விரலை அல்ல, விரல் வழுக்கும். இரண்டு பிள்ளை என்றால் இரண்டு பெரியவர். "நீ பார்த்துக்கிறேன்னு நெனச்சேன்" என்ற பேச்சுக்கே இடமில்லாமல், யார் பார்க்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் கார் சாவியைக் கை மாற்றுவோம். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் காவல், அவர் போனைத் தொடக் கூடாது.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இருப்பது பாறை. பாசி வழுக்கும், ஏறவிடாதீர்கள்.

நோணாங்குப்பத்தில் இருக்கும் சுண்ணாம்பாறு படகுக் குழாம் கடலூர் சாலையிலேயே இருப்பதால் நமக்கு வசதி. அங்கிருந்து படகில் பாரடைஸ் பீச் போகலாம். பிச்சாவரமும் இதுவும் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும். ஆனால் உயிர்காப்பு உடையில் கறாராக இருங்கள். பெரியவர்கள் அளவு உடையைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் விழும்போது உடை மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். மாட்டியபின் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் பிள்ளைக்கானது இல்லை. சின்ன அளவு கேளுங்கள், இல்லை என்றால் படகு வேண்டாம். ஒரு தரம் நாங்கள் டிக்கெட் எடுத்தபின் ஏறாமல் திரும்பினோம். மகன் மண்ணில் புரண்டு அழுதான், கரையில் நண்டு வளை தோண்டியதும் ஓய்ந்தான்.

படி 7: கூட்டத்தில் தொலைந்தால்

ஒரு ஞாயிறு மாலை, புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கம். சோப்பு நுரைக் குமிழி விடும் ஒருவர் பின்னால் என் மகன் போய்விட்டான், அப்போது அவனுக்கு 4 வயது. நான்கு நிமிடம் இருக்கும். அந்த நான்கு நிமிடத்தில் நான் அவனுடைய சட்டை நிறத்தையே மறந்துவிட்டேன். போலீஸ்காரர், "என்ன கலர் சட்டைம்மா?" என்று கேட்டபோது வாயில் வந்தது நேற்றைய சட்டை.

அதனால் இப்போது கிளம்பும் முன் வாசலில் நிற்கவைத்துத் தலை முதல் கால் வரை ஒரு படம். இருவருக்கும் பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள் சட்டை. கைக்குள்ளே, மணிக்கட்டுக்கு மேலே, பால்பாயிண்ட் பேனாவில் போன் எண். பேரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிடுகிறவரைப் பிள்ளை தெரிந்தவர் என்று நம்பிவிடும். அப்பா அம்மா பேரும் ஒரு போன் எண்ணும் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தால் ஐந்து வயதில் மனப்பாடம் ஆகிவிடும்.

அவனுக்குச் சொல்லிவைத்திருப்பது இவ்வளவுதான்: காணோம் என்றால் அங்கேயே நில், தேடிப் போகாதே. "அம்மா" என்று கத்தாமல் என் பெயரைச் சொல்லிக் கத்து. அங்கே "அம்மா" என்றால் நூறு பேர் திரும்புவார்கள். குழந்தை வைத்திருக்கும் ஒரு ஆன்ட்டியிடமோ போலீஸிடமோ மட்டும் பேசு.

நாம் செய்ய வேண்டியது: ஒருவர் பிரிந்த இடத்திலேயே நிற்க வேண்டும், மற்றவர் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓட வேண்டும். சாலைப் பக்கம் அப்புறம். வெட்கப்படாமல் கத்துங்கள், சட்டை நிறத்தைச் சொல்லிக் கத்துங்கள். சைல்டு லைன் 1098, போலீஸுக்கு 112.

படி 8: வெளியூரில் உடம்பு சரியில்லாவிட்டால்

பேதி என்றால் உடனே ஓஆர்எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கலக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவாகப் போடக் கூடாது. ஒவ்வொரு தரம் போனதும் 2 வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி, சிறிது சிறிதாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மருந்துக்கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்பான பழச்சுவைப் பானம் இதற்கு மாற்று இல்லை. சர்க்கரை கூடினால் பேதியும் கூடும்.

எதற்கும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை: 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், ஆறேழு மணி நேரமாக மூத்திரம் போகாதது, கண் உள்ளே போய்த் துவண்டு கிடப்பது, மலத்தில் ரத்தம், வலிப்பு, மூச்சுத் திணறல். புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர். கடலூரில் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை. தங்கும் இடத்துக்குப் போனதுமே பக்கத்தில் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் 108.

தங்கும் அறையில் போனவுடன் தரையில் உட்கார்ந்து பிள்ளையின் கண் உயரத்திலிருந்து ஒரு சுற்றுப் பாருங்கள். பிளக், பால்கனிக் கம்பி இடைவெளி, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பழைய மாத்திரை, குளியலறையில் நிரம்பிய பக்கெட். பக்கெட்டைக் கவிழ்த்துவிடுங்கள், ஒரு சாண் தண்ணீர் போதும் தவழும் குழந்தைக்கு ஆபத்து வர.

படி 9: வீடு வந்தபின்

காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் மணல் இருக்கும், தேய்க்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அடுத்த ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்தால் எங்கே போனோம், என்ன சாப்பிட்டோம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மஞ்சப்பையை அன்றிரவே காலி செய்து, ஓஆர்எஸ் தீர்ந்திருந்தால் எழுதிவைத்து, துணியை மாற்றி மறுபடி கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுகிறேன். போன வாரம் என் பெண் அந்த ஆணியைக் காட்டி "டாட்டா" என்றாள்.